டை போட வேண்டியதில்லை

கட்டிக்கொண்டுதான் வந்திருந்தாள். போட வேண்டியதில்லை என்றுதானே சொன்னார்கள், போடக் கூடாது என்று சொல்லவில்லையே. சொல்லியிருந்தாலும் கட்டிக்கொண்டுதான் வந்திருப்பாள், அது வேறு கதை. ஓட்டல் வேனில் டிரைவருக்குப் பின்னால் ஜன்னலோரமாக உட்கார்ந்திருந்த அங்கயற்கண்ணி கழுத்து முடிச்சை ஒரு தரம் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இருந்தது. மெரூன் நிற டை, நுனியில் ஓட்டலின் மயில் முத்திரை, மயிலின் கொண்டையில் நூல் பிரிந்து பாதி மொட்டையாகியிருந்தது. நேற்றுச் சாயங்காலம் ஊழியர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் மேனேஜர் கிருபாகரன் செய்தி போட்டிருந்தார்: ‘நாளை முதல் யாரும் டை போட வேண்டியதில்லை. இயல்பான தோற்றத்தில் வந்தால் போதும்.’ போட்ட மாத்திரத்தில் கைதட்டலும் கட்டைவிரலுமாகக் கொட்டியது. சமையல்கட்டிலிருந்துகூடக் கைதட்டினார்கள், அவர்கள் என்றைக்கு டை கட்டினார்கள்? வாசலில் கதவு திறந்துவிடுகிற வீரணன் அண்ணன் மூன்று கும்பிடு பொம்மை போட்டு ‘நன்றி அய்யா நன்றி’ என்று எழுதியிருந்தார். அவருக்கும்தான் டை கிடையாது, கழுத்து மூடின கோட்டும் பித்தளைப் பொத்தானும்தான். ஊரே சந்தோஷப்படும்போது தானும் ஒரு கும்பிடு போட்டு வைப்போம் என்று போட்டிருப்பார். கண்ணி மட்டும் ஒன்றும் போடவில்லை. போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கொடியில் தொங்கிய டையை எடுத்து, ஈரத்துணி போட்டு, பதமான சூட்டில் தேய்த்து வைத்தாள். அம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

இப்பல்லாம் யாருங்க டை கட்டுறா என்று போன வாரம் கவுன்டர் ஆட்களுக்கு மட்டும் வைத்த கூட்டத்தில் கிருபாகரன் கேட்டார். யார் கட்டுகிறார்கள்? மருந்துக் கம்பெனி ரெப்புகள் கட்டுகிறார்கள். எல்.கே.ஜி. பிள்ளைகள் கட்டுகிறார்கள், எச்சில் துடைக்க வசதியாக. டிவியில் செய்தி வாசிக்கிறவர் கட்டுகிறார், மேஜைக்குக் கீழே கைலியோ என்னவோ யார் கண்டது. மாப்பிள்ளைகள் ரிசப்ஷன் அன்று ஒரே ஒரு ராத்திரி கட்டுகிறார்கள், மறுநாள் அது பீரோவுக்குள் போய்ப் படுத்தால் அதோடு சரி. ரிசப்ஷன் என்றதும் அம்மா ஞாபகம் வந்து கண்ணிக்குச் சிரிப்பு வந்தது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா தெரு முழுக்க, எம் மக ரிசப்ஷன்ல இருக்கா, ரிசப்ஷன்ல இருக்கா என்று சொல்லித் திரிந்தாள். எதிர்வீட்டுக்காரி, தினமும் யார் வீட்டு ரிசப்ஷன், பந்தியில பரிமாறுறாளா என்று கேட்ட பிறகுதான் விஷயம் விளங்கியது. அந்த எதிர்வீட்டுக்காரியே ஒரு நாள் டையோடு இவளைப் பார்த்துவிட்டு, வக்கீலுக்குப் படிச்சிருக்கியா தாயி என்றாள். ஆட்டோக்காரர்கள் சார் என்றார்கள். ஏறுங்க சார் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்த்து, அக்கா என்று திருத்திக்கொள்வார்கள். சார் என்ற அந்த ஒரு விநாடி அவளுக்குப் பிடித்திருந்தது, சும்மா சொல்லக் கூடாது. அந்த ஒரு விநாடியில் அவள் யார் வீட்டு மருமகள் என்று யாருக்கும் கேட்கத் தோன்றாது. சட்டைப் பையில் ஓட்டல் கொடுத்த பெயர்ப் பட்டை வேறு, ‘ஆன்ஜி’ என்று. அங்கயற்கண்ணி என்பது கெஸ்ட் வாயில் நுழையாதாம். மீனாட்சி இருக்கிற ஊரில் அவள் பெயர் நுழையாத வாயை எதற்கு உள்ளே விடுகிறார்கள் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மாட்டுத்தாவணியில் வேன் நின்றது. மேலூர் பஸ் ஒன்று உறுமிக்கொண்டு பக்கத்தில் வந்து நின்றது, கண்ணியின் கண் தன்னால் அதன் படிக்கட்டுக்குப் போயிற்று. நீலச் சட்டை, இல்லை, வேறு யாரோ. கோர்ட்டில் பிரிந்து இத்தனை வருஷம் ஆன பிறகும் மேலூர் பஸ் என்றால் படிக்கட்டைப் பார்க்கிற புத்தி போகவில்லை. பாலகுரு கெட்டவன் என்று மேலூரில் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள். லாரி புக்கிங் ஆபீஸில் எல்லோருக்கும் டீ வாங்கித் தருகிறவன். அவன் அடித்ததே இல்லை, அதுதான் வினை. அடித்திருந்தால் காட்ட ஒரு காயமாவது இருந்திருக்கும். பிடித்து இழுப்பான். தாலிச்செயினுக்குள் ஆள்காட்டி விரலை விட்டு, ஒரு சுற்றுச் சுற்றி, வா என்று தன் பக்கம் இழுப்பான். சமையல்கட்டிலிருந்து கூடத்துக்கு, கூடத்திலிருந்து வாசலுக்கு. கட்டியவனுக்கு இழுக்க உரிமை இல்லையா என்று சிரித்துக்கொண்டே கேட்பான், பார்க்கிறவர்களுக்குக் கொஞ்சல் மாதிரி இருக்கும். மாமியார்கூட ஒரு தரம் பார்த்து முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். பிடரியில் செயின் பதிந்து கோடு கோடாகச் சிவந்திருக்கும், கூந்தல் மறைத்துவிடும். கடைசியாக மேலூர் பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் முன்னால் இழுத்தான், அம்மா வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒரு காலை வைத்திருந்தவளை. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு பார்த்தார். செயின் அறுந்துவிடவில்லை, நல்ல கெட்டிச் செயின், அப்பா போட்டது. அவள்தான் அறுத்துக்கொண்டாள். அறுக்கவில்லை, நிதானமாகத் தலை வழியாகக் கழற்றி அவன் விரலிலேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறினாள். ஆயுசில் செய்த ஒரே கெட்டிக்காரத்தனம் அதுதான் என்று கண்ணி நினைத்தாள், உடனே, ஏன் ஒன்றோடு நிறுத்திவிட்டோம் என்றும் நினைத்தாள்.

அப்புறம் ஆரம்பித்தது கழுத்துக் கதை. பெண்பிள்ளையின் கழுத்தை இத்தனை பேர் பார்க்கிறார்கள் என்பது அதில் ஒன்றும் இல்லாதபோதுதான் தெரிகிறது. ரேஷன் கடையில், ஆஸ்பத்திரியில், கல்யாண வீட்டில் சந்தனக் கும்பாவை நீட்டுகிற கை ஒரு கணம் நின்று, கழுத்தைப் பார்த்து, பிறகு நீட்டுவதா வேண்டாமா என்று யோசிக்கிறபோது. புருஷன் செத்துப்போயிருந்தால் ஒரு வழி. உயிரோடு இருக்கிறான் என்றால் கேட்கிறவர்களுக்கு அடக்க முடியவில்லை. ஒட்டிக்கொண்டு உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, ஏன் என்பார்கள். வெறுங்கழுத்து. என்ன சொல் அது, வெறுங்கையாவது வேலை செய்யும், வெறுங்கழுத்து எதற்கும் ஆகாது என்பதுபோல. அந்த வெறுங்கழுத்தோடுதான் ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தாள், முதல் நாளே காலர் வைத்த சட்டையும் டையும் கொடுத்தார்கள். பெண்களுக்கென்று பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற எலாஸ்டிக் டை, கொக்கி மாட்டினால் ஆயிற்று. எனக்கு நிஜ டை வேணும் என்று கேட்டு வாங்கினாள். போனில் வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டாள். கண்ணாடியில் இடம் வலம் மாறிப்போகிறது என்று, முதலில் குடத்தின் கழுத்தில் கட்டிப் பழகினாள். தண்ணீர் சொட்டச் சொட்ட அடுப்படியில் டை கட்டி உட்கார்ந்திருந்த குடத்தைப் பார்த்து அம்மா, யாருடி இந்த ஆபீசர் என்றாள். இரண்டு பேரும் சிரித்தார்கள், அந்த வீட்டுக்குள் ரொம்ப நாளைக்குப் பிறகு. குடத்தின் கழுத்திலிருந்து தன் கழுத்துக்கு மாற்றி, அகலமான பக்கத்தைச் சுற்றி, அடியில் விட்டு, மேலே எடுத்து, இறக்கி, இழுத்தாள். தானே கட்டி, தானே இழுத்து, வேண்டிய இடத்தில் தானே நிறுத்தினாள். யாரும் கேட்கவில்லை அதற்குப் பிறகு. காலர் மூடிய கழுத்தில் உள்ளே தாலி இருக்கிறதா இல்லையா என்று எந்தக் கொம்பனுக்கும் தெரியாது. டை அவளைக் காப்பாற்றியது.

மங்களகரமா. அந்தக் கூட்டத்தில் கிருபாகரன் சொன்ன வார்த்தை தொண்டையில் மீன் முள்ளாக நின்றது, ஒரு வாரமாகியும் இறங்கவில்லை. டை கட்டி நின்னா பேங்க் மாதிரி இருக்கு, கெஸ்ட்டுக்கு வீட்டுக்கு வந்த மாதிரி இருக்கணும், லேடீஸ் எல்லாம் காலர் பட்டனைத் திறந்துவிட்டு, சின்னதா ஒரு செயின், தலையில ஒரு முழம் மல்லி, மங்களகரமா என்றார். நல்ல மனுஷன்தான், சென்னையில் படித்தவர், பெண்களோடு நின்று பேசும்போது இரண்டடி தள்ளி நிற்பார். அவருக்கு அந்த வார்த்தை வெறும் பூ மாதிரி. இவளுக்கு அப்படி இல்லை. கண்ணி வேனில் பக்கத்து சீட்டைப் பார்த்தாள். பிரிசில்லா, அவளோடு கவுன்டரில் நிற்கிறவள், சின்னப் பெண், சொன்னபடியே காலரைத் திறந்துவிட்டு மெல்லிசுச் சிலுவைச் செயினோடு உட்கார்ந்திருந்தாள். கைப்பையைத் துழாவி ஒரு பொட்டலத்தை எடுத்தாள்.

“அக்கா, கோவிச்சுக்காதீக. கவரிங்தான், பார்த்தா தங்கம் மாதிரியே இருக்கும். கீழ உள்ளத சட்டைக்குள்ள விட்டுக்கிட்டா தாலியா டாலரான்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

“எனக்கு எதுக்கு?”

“இன்னிக்கு சிவகங்கையில இருந்து கல்யாண பார்ட்டி வர்றாய்ங்க. பூராம் கிழவிங்கக்கா. கேட்டே கொன்னுருவாய்ங்க.”

“நான் டையக் கழட்டப் போறதில்ல.”

“எல்லாரும் கழட்டிட்டோம்க்கா. நீங்க மட்டும் கட்டிக்கிட்டு நின்னா, ஏன்னு சார் கேட்பாருல்ல? அதுக்கு என்ன சொல்வீக?”

அதுதானே. என்ன சொல்வாள்? பொட்டலத்தைத் திருப்பி அவள் பைக்குள்ளேயே வைத்துவிட்டாள், கோபமாக இல்லை, அந்தப் பிள்ளை நல்ல மனசில்தான் கொண்டுவந்திருந்தது. வேன் வைகைப் பாலத்தில் ஏறியது, ஆற்றில் தண்ணீர் இல்லை, மாடுகள் இருந்தன. என்ன சொல்வாள்? பழகிப்போச்சு சார் என்று சொல்லலாம், பல்லிளிக்கிற பதில். காலர் திறந்தா சளி பிடிக்கும் என்று சொல்லலாம், மதுரை வெயிலில். என் கழுத்து, என் இஷ்டம் என்று சொல்லலாம். அதுதான் பிடித்திருந்தது, உள்ளுக்குள் சொல்லிப் பார்த்தாள், மணியாக இருந்தது. இரண்டாம் தரம் சொன்னபோது அத்தனை மணியாக இல்லை. மூன்றாம் தரம் ஒரு சந்தேகம் வந்தது, வந்தது போக மாட்டேன் என்றது. உன் கழுத்து, உன் இஷ்டம், சரி. அப்புறம் எதற்கு அதை மூடி வைத்திருக்கிறாய்? மூடி வைத்திருக்கிறேனா? பின்னே? கவரிங் செயினைப் போட்டால் பொய். டையைப் போட்டால் பொய் இல்லை, ஆனால் கேட்க விடுவதுமில்லை. மெரூன் கலரில் ஒரு கவரிங், அவ்வளவுதான் வித்தியாசம் என்று யாரோ உள்ளே சொன்னார்கள், குரல் பாலகுருவின் குரலாக இருந்தது, அதனால் பற்றிக்கொண்டு வந்தது. அவன் வந்து எனக்கு எது பொய் எது நிஜம் என்று சொல்ல வேண்டாம். பாலம் முடிகிற இடத்தில் சிக்னல். பைக்கில் ஒரு ரெப் நின்றிருந்தார், பெட்டி டேங்க்கின் மேல், டையைத் தோளுக்குப் பின்னால் தூக்கிப் போட்டிருந்தார், காற்றில் பறக்காமல் இருக்க. முதுகில் தொங்கிய அதன் நுனி பின்னால் நின்ற ஆளின் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது. கண்ணிக்குப் பிடரி கூசியது. அந்த ஆள் ஒன்றும் செய்யவில்லை, மூக்கை நோண்டிக்கொண்டு பச்சை விளக்குக்காகக் காத்திருந்தான், ஆனாலும் அவள் கண்ணை எடுக்கவில்லை. இழுத்தால் வரும். கழுத்தில் கட்டுகிற எதையும் இழுத்தால் வரும். ஏழு கழுதை வயசாகியும் இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை? தோன்றாமல் என்ன, கண்ணாடி முன்னால் தினமும் தோன்றுகிறதுதான். இறுக்கும்போது கடைசியில் ஒரு பயம், வேறு ஒரு விரல் உள்ளே வந்துவிடுமோ என்று. அந்தப் பயத்தையும் சேர்த்துத்தான் தினமும் இறுக்கினாள். பயமா இருந்தா நான் கட்டாம விட்டுடுவேன்னு நெனச்சியா என்று யாரையோ கேட்டுக்கொண்டே இறுக்கினாள். அதில் ஒரு வீம்பு உண்டு, அந்த வீம்பை விட்டுக்கொடுக்க அவளுக்கு மனசில்லை. மங்களகரமா என்று எவனோ சொன்னதற்காகக் கழற்றுவதா? ஒருநாளும் கிடையாது. பச்சை விழுந்து ரெப்பின் பைக்கும் வேனும் நகர்ந்தன.

ஓட்டல் போர்ட்டிகோவில் ஒரு கும்பல். வேனை விட்டு இறங்கியதும் பிரிசில்லா, அய்யய்யோ என்றாள். வீரணன் அண்ணன் தன் இடத்தில், கண்ணாடிக் கதவின் பக்கத்தில், பித்தளைப் பொத்தானெல்லாம் பளபளக்க நின்றுகொண்டிருந்தார். தலை தும்பைப் பூவாக வெளுத்திருந்தது, மீசையும்தான். அறுபதை நெருங்குகிற மனுஷர், நேற்று வரைக்கும் கரிக்கட்டைக் கறுப்பில் தலையும் மீசையுமாக நின்றவர். வாசலில் நிற்கிறவன் கிழவனாகத் தெரியக் கூடாது என்று ஓட்டல்தான் போடச் சொல்லியிருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகச் சலூனுக்குப் போய் ஒட்ட வெட்டி, கறுத்த பாகத்தை எல்லாம் எடுத்துவிட்டு வந்திருக்கிறார். எதிரே கிருபாகரன் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

“அண்ணே, நான் சொன்னது கழுத்துல கட்டுற டை! தலைக்குப் போடுற டை இல்ல!”

“நீங்க கழுத்துன்னு எழுதலையே சார். டை போட வேண்டியதில்ல, இயல்பான தோற்றத்துல வாங்கன்னு எழுதியிருந்தீக. நான் எங்க வீட்டம்மாகிட்டயும் வாசிச்சுக் காட்டுனேன். அவளும் அப்படித்தான்னா.”

சுற்றி நின்றவர்கள் வெடித்துச் சிரித்தார்கள். பிரிசில்லா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கிருபாகரனுக்கே சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார்.

“சரி, ஆனது ஆச்சு. சாயங்காலம் போட்டுட்டு வந்துடுங்க. கல்யாண பார்ட்டி முன்னாடி இப்படி நிக்க முடியாதுல்ல.”

வீரணன் சிரிக்கவில்லை. அவமானப்பட்டதாகவும் தெரியவில்லை. வெள்ளை மீசையை ஒரு தரம் நீவிவிட்டார், அது அவர் கைக்கே புதுசாக இருந்தது போல.

“போட மாட்டேன் சார்,” என்றார். “தப்பா வாசிச்சது வாசிச்சதுதான். ஆனா காலையில கண்ணாடியில பாத்தேன். எங்கப்பா மாதிரி இருந்துச்சு. நல்லாத்தான் இருக்கு. அந்தச் சனியன் தலை பூராம் அரிக்கும் சார், சொன்னதில்ல உங்ககிட்ட. இனி போட மாட்டேன். வேணும்னா பின்வாசலுக்கு மாத்திருங்க.”

 கிருபாகரன் ஏதோ சொல்ல வாயெடுத்தார், அதற்குள் கேட்டில் முதல் கார் திரும்பியது, பிறகு பார்க்கலாம் என்று கையை ஆட்டிவிட்டு உள்ளே போனார். போகிற போக்கில் கண்ணியின் டையைப் பார்த்தார், நின்றார், வீரணனைப் பார்த்தார், ஒரு நாளைக்கு ஒன்று போதும் என்று நினைத்தாரோ என்னவோ, போய்விட்டார். கண்ணி கவுன்டருக்குப் பின்னால் போய் நின்றாள். சிரிப்பு அவளுக்கும் வந்ததுதான், ஆனால் பாதியில் நின்றுவிட்டது. தப்பாக வாசித்த மனுஷனுக்கு இருக்கிற தெம்பு சரியாக வாசித்த எனக்கு இல்லையே என்று தோன்றியது, தோன்றியதும் முகம் சுட்டது. அவரும் ஓட்டல் சொல்லித்தான் போட்டார், ஓட்டல் சொல்லித்தான் விட்டார், ஆனால் மறுபடி போடு என்றபோது மாட்டேன் என்றார். ஏன் என்று கேட்டால் அவரிடம் பதில் இருக்கிறது: நல்லா இருக்கு, அரிக்கும். இத்தனை சின்னப் பதில். எனக்கு மட்டும் ஏன் வேனில் வந்த வழி முழுக்க யோசித்தும் ஒரு பதில் அகப்படவில்லை? அரிக்கிறதா எனக்கு? அரிக்கிறது என்று கண்ணி முதல் தடவையாக ஒப்புக்கொண்டாள். காலருக்குள் வேர்த்து, முடிச்சுக்கு அடியில், தொண்டைக்குழியில், சித்திரையிலும் வைகாசியிலும் அரித்து வேர்க்குரு கட்டி, ராத்திரி பவுடர் போட்டுப் படுத்ததை யாரிடமும் சொன்னதில்லை, அம்மாவிடம்கூட. ஆனால் அதற்காக இப்போது கழற்றினால் கிருபாகரன் சொன்னதற்குக் கழற்றியதாகிவிடும். கையை முடிச்சில் வைத்தாள், எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

கார்கள் வந்து ஜனம் இறங்கி லாபி நிறைந்துபோயிற்று. பட்டுச்சேலைகள், தாம்பாளங்கள், அழுகிற குழந்தை, யார் யாருக்கு எந்த ரூம் என்று ஆளாளுக்குச் சத்தம். வீரணன் இரண்டு கையிலும் பெட்டிகளோடு வந்தார், வெள்ளைத் தலையைப் பார்த்ததும் ஒரு பெரியவர், அண்ணாச்சி நீங்க ஏன் தூக்குறீக என்று ஒரு பெட்டியை வாங்கிக்கொண்டார். அப்போதுதான் கவுன்டருக்கு முன்னால் அந்தப் பழைய பெட்டி வாயைப் பிளந்தது. ஜிப் இரண்டு பக்கமும் விட்டுப்போய், முறுக்கு டப்பாவும் உள்பாவாடையும் சாமி படமும் தரையில் சரிந்தன. பெட்டிக்காரி ஒரு கிழவி, பொண்ணு வீட்டு அப்பத்தா என்று பிறகு தெரிந்தது, ஐயோ ஐயோ என்று குனிய முடியாமல் நின்றாள். கயிறு இருக்கா, கயிறு, என்று யாரோ கத்தினார்கள். கண்ணி கவுன்டரைச் சுற்றிக்கொண்டு வந்துவிட்டாள். மண்டி போட்டாள், சாமான்களை உள்ளே திணித்தாள், மூடியை முழங்காலால் அமுக்கினாள். கயிறு வரவில்லை. முடிச்சில் கை போயிற்று. இது எவன் சொல்லியும் இல்லை என்று மனசுக்குள் அழுத்தமாகச் சொல்லிக்கொண்டு ஒரே இழுப்பில் உருவினாள். டை சர்ரென்று காலரை விட்டு வந்தது. பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி, அடியில் விட்டு, மேலே எடுத்து, இறக்கி, பல்லைக் கடித்து இறுக்கினாள். நல்ல கெட்டி முடிச்சு. மூச்சு வாங்கியது, புழுக்கமாக இருந்தது, காலர் பட்டனைத் திறந்தாள், அடுத்ததையும் திறந்தாள். ஏசிக் காற்று தொண்டைக்குழியில் நேராக வந்து பட்டது, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

கிழவி குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெட்டியை அல்ல. கண்ணிக்குத் தெரியும் அந்தப் பார்வை எங்கே இறங்கி எங்கே நிற்கும் என்று. பிரிசில்லா கவுன்டருக்குப் பின்னால் பையைத் திறந்து வைத்துக்கொண்டு தவித்தாள். கிருபாகரன் ரிஜிஸ்டரிலிருந்து தலையை நிமிர்த்தினார். வீரணன் கதவைப் பிடித்தபடியே நின்றார்.

“ஏத்தா,” என்றாள் கிழவி, ஊருக்கே கேட்கிற மாதிரி, “கழுத்துல ஒண்ணையும் காணோமே?”

கண்ணி பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். கையைக் கழுத்துக்குக் கொண்டுபோகவில்லை, காலரையும் சேர்த்துப் பிடிக்கவில்லை.

“கழுத்து இருக்குல்ல அப்பத்தா,” என்றாள்.